என் ஏர் பிஸ்டல் வீட்டுக்கு வராது

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த என் ஏர் பிஸ்டல் போன வாரம்தான் திரும்பி வந்தது. அதே வாரத்தில் அக்கா மகன் கேட்கிறான்: “சித்தி, நானும் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாமா?” சிங்கப்பூரில் கட்டாயமான தேசிய சேவையை இப்போதுதான் முடித்திருக்கிறான். படையில் எஸ்ஏஆர் 21 ரைபிளை நன்றாகச் சுடுபவன் என்று பெயர் வாங்கியவன். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஏர் பிஸ்டல் என்பது அழுத்தக் காற்றால் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைச் சுடும் போட்டிக் கைத்துப்பாக்கி; இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும்.

விரலால் இழுத்துச் சுடும் விசையைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் சுடப் போகும் துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் துப்பாக்கியை விட்டுவிட்டு இதை நான் வாங்கியதே அதற்காகத்தான். விதிப்படி விசையின் இழுவை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டிக்கு முன் அந்த எடையை விசையில் மாட்டித் துப்பாக்கியைத் தூக்கிப் பார்ப்பார்கள்; விசை விடுபடாமல் எடை மேலே எழ வேண்டும். விசை இரண்டு கட்டமாக இழுபடும்; அந்த 500 கிராமில் பெரும்பங்கை நான் முதல் கட்டத்துக்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன். விரல் மெதுவாக உள்ளே போகும். ஓரிடத்தில் நின்று லேசாக எதிர்க்கும். அந்த எதிர்ப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு, குழல் முனையில் நிற்கும் குறியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். குண்டு எந்தக் கணத்தில் போனது என்று எனக்கே தெரியாது. அப்படித் தெரியாமல் போகும் குண்டுதான் இலக்கின் நடுவே பத்துப் புள்ளியில் விழுகிறது. 11.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் அது. அதில் விழுந்ததைத் திரையில் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி இத்தனை ஆண்டுகளாகியும் குறையவில்லை.

மின்னணு விசை உள்ளதை வாங்கு என்று பலர் சொன்னார்கள். நான் இயந்திர விசையையே எடுத்தேன். பிறகு 2021இல் தோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகி, நிமிடங்கள் வீணாகி, அவர் இறுதிச் சுற்றைத் தவறவிட்டதைப் பார்த்தபோது என் தெரிவில் இன்னும் உறுதியானேன். அதே மனு பாக்கர் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாரிஸ் என்றதும் எல்லாருக்கும் துருக்கியின் யூசுப் டிகெச் நினைவுக்கு வருகிறார். ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடி நின்று வெள்ளி வென்றவர். அக்கா மகனும் அந்தப் படத்தைக் காட்டி, “கருவியே வேண்டாம் போலிருக்கிறதே” என்றான். பிஸ்டலை ஒரே கையால்தான் சுட வேண்டும். மற்றக் கையை அசையாமல் வைப்பதற்குப் பைதான் வசதி, நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறோம். கண்ணுக்குத் தனிக் கருவி மாட்டாமல் சுட்டார் என்பது உண்மை. கையில் இருந்தது போட்டித் துப்பாக்கிதான்.

கைப்பிடி அடுத்த விஷயம். ஐரோப்பாவில் செய்த வால்நட் மரக் கைப்பிடி, சிறிய அளவு. அப்படியும் என் கைக்கு அது நேராகப் பொருந்தவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே மரம் உறுத்தியது. உள்ளங்கைப் பள்ளத்தில் இடைவெளி இருந்தது. உறுத்திய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியில் மரப்பசை நிரப்பி, காயவிட்டு, மறுபடி தேய்த்து என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். 2018 முதல் போட்டியில் பெண்களுக்கும் 40க்குப் பதிலாக 60 குண்டுகள். ஏறத்தாழ ஒரு கிலோ எடையை நீட்டிய கையில் அத்தனை முறை தூக்கும்போது, மரத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் கடைசிப் பத்துக் குண்டுகளில் மணிக்கட்டு அதைச் சொல்லிவிடும்.

இந்த வேலையெல்லாம் சுடுதளத்தில்தான் நடந்தது, பயிற்சி நேரத்தைத் தின்றுகொண்டு. என் ஆற்றாமை இங்கேதான் தொடங்குகிறது. உரிமம் என் பெயரில் இருக்கிறது, பணம் நான் கொடுத்தது, ஆனால் துப்பாக்கி என் வீவக அடுக்குமாடி வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. சங்கத்தின் ஆயுதக் கிடங்கில் பூட்டிக் கிடக்கிறது. கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், சுட வேண்டும், கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு நாடுகளில் பயிற்சி பெறுகிறவர்கள் காலையில் எழுந்ததும் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, குண்டே போடாமல் கால் மணி நேரம் விசை பழகுகிறார்கள். பிஸ்டல் சுடுபவர்களுக்கு அதுதான் அன்றாடச் சாதகம். வீணையை வாங்கிச் சபாவில் பூட்டிவிட்டு, சபா திறக்கும் நாளில் மட்டும் வந்து மீட்டு என்றால் ஒரு வித்துவான் என்ன செய்வார்? நான் வீட்டில் தண்ணீர் நிரப்பிய புட்டியை நீட்டிய கையில் பிடித்துத் தோளைப் பழக்குகிறேன். விரலுக்குப் பயிற்சி இல்லை. அச்சு அசலான பொம்மைத் துப்பாக்கிக்கும் இங்கே கட்டுப்பாடு உண்டு என்பதால் அந்த வழியும் அடைபட்டது.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆயுதக் குற்றச் சட்டத்தின்கீழ் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும் என்பதை நானறிவேன்; குற்றம் செய்யும்போது சுட்டால் மரண தண்டனை. இவ்வளவு நெருக்கமாக வாழும் தீவில், நடு இரவில் ஈசூனில் தனியாக நடந்து வீடு திரும்பும் பெண்ணாக, அந்தக் கடுமையை மனதார ஏற்கிறேன். இதே கட்டுப்பாடுகளுக்குள் பயின்றுதான் சிங்கப்பூர் ரைபிள் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ 2018 காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். ஆனால் தேசிய அணியில் இருப்பவருக்குச் சுடுதளம் அன்றாட இடம். முறைப்பணி பார்க்கும் என்னைப் போன்றவர் சுடுதளம் திறந்திருக்கும் நேரத்தில் வேலையில் நிற்கிறோம். பயிற்சியில்லாத ஒரு மாதம் போனால், நான் பார்த்துப் பார்த்து அமைத்த விசையே எனக்கு அந்நியமாகிவிடுகிறது.

பழுதைப் பற்றி. காற்றுச் சிலிண்டர் இணையும் இடத்தில் கசிவு. சுடுதளத்துக்கு வந்ததும் அளவுமானி பார்த்தால் சரியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் முள் இறங்கியிருக்கும். காரணம் ஒரு ரப்பர் வளையம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, விலை சில சிங்கப்பூர் வெள்ளி. வேறொரு பொருளாக இருந்தால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மாற்றியிருப்பேன். இது துப்பாக்கி, உரிமம் பெற்ற முகவர்தான் தொட வேண்டும். கொண்டுபோக அனுமதி, வளையம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், திருப்பிக் கொண்டுவரவும் தாள். வாரக்கணக்கில் சங்கத்துத் துப்பாக்கியால் சுட்டேன், புள்ளிகள் சரிந்தன, எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஆகவே அவனுக்கு என் பதில்: வாங்காதே. நான் வாங்கிய பொருள்களிலேயே இவ்வளவு நேர்த்தியானது வேறெதுவும் இல்லை என்று மேலே எழுதியதிலிருந்தே தெரியும். இருந்தாலும் வாங்காதே. சில ஆயிரம் வெள்ளி போட்டு வாங்கி, சங்கம் திறக்கும் நேரத்தை எதிர்பார்த்து நிற்பது உன் வயதில் தேவையில்லை. சங்கத்துத் துப்பாக்கியில் சுடு. வாரந்தவறாமல் வர முடிகிறதா என்று ஓர் ஆண்டு உன்னையே பார்.

“அப்படியென்றால் உங்களுடையதை எனக்குத் தருவீர்களா?” என்றான். தர மாட்டேன். விற்கவும் மாட்டேன்.

பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறான் என்று அவன் முகமே சொல்கிறது. அப்படியானால் மூன்று விஷயம்: கைப்பிடியின் அளவைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும், பழைய துப்பாக்கி என்றால் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பார்க்க வேண்டும், காலாவதியானதைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள், வாங்கும் அன்றே மாற்று ரப்பர் வளையங்களையும் சேர்த்துத் தருவிக்கச் சொல்லி முகவரிடமே வைத்துவிட வேண்டும்.