லீஸ் காருக்கு வெளிக்கடை அலாய் வீல்: 15 இன்ச் போடலாம், 16 வேண்டாம்

புதுச்சேரியிலோ கடலூரிலோ எந்த அலாய் கடையில் வண்டியை நிறுத்தினாலும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை இன்ச் சார் போடணும்?" லீஸில் எடுத்த வண்டிக்கு அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஆர்.சி.யில் யார் பெயர்? உங்கள் பெயர் இல்லையென்றால் அந்த ரிம்மைக் கழற்றும் முடிவு உங்கள் கையில் மட்டும் இல்லை.

வேலை செய்யும் கம்பெனி வழியாக எடுத்த லீஸ் என்றால் மூன்று தரப்பு: வண்டியின் உரிமையாளரான லீஸ் நிறுவனம், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட உங்கள் கம்பெனி, ஓட்டுகிற நீங்கள். அனுமதி உங்கள் அட்மின் பிரிவு வழியாகப் போய், லீஸ் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலாகத் திரும்பி வர வேண்டும். ஷோரூம் விற்பனையாளர் போனில் "ஒண்ணும் ஆகாது, போட்டுக்கோங்க" என்று சொன்னது, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எதற்கும் உதவாது. மின்னஞ்சலில் நான்கு விவரம் இருக்கட்டும்: ரிம் அளவு, டயர் அளவு, பழைய ரிம்களை நீங்கள் வைத்திருப்பீர்கள் என்பது, முடிவில் அவற்றையே மாட்டித் தருவீர்கள் என்பது.

சட்டப் பக்கம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ₹5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். கவனியுங்கள், உரிமையாளருக்கு. லீஸ் நிறுவனங்கள் இதில் கறாராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதே மாடலின் மேல் வேரியன்ட்டில் கார் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் நின்றால் இந்தத் தொல்லைக்கு இடம் குறைவு.

மாருதி ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். கீழ் வேரியன்ட்டில் 165/80 ஆர்14 டயர் (165 மி.மீ. அகலம், சுவர் உயரம் அதில் 80 சதவீதம், 14 இன்ச் ரிம்), ஸ்டீல் ரிம். மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15, அலாய். கடையில் காட்டி ஆசை கிளப்புவது 195/55 ஆர்16. மூன்றின் மொத்த விட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான்: 620, 621.5, 621 மி.மீ. "மீட்டர் மாறாது சார்" என்று கடைக்காரர் சொல்வது உண்மை. மாறுவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கும் ரப்பர் சுவர். 14 இன்ச்சில் அது 132 மி.மீ., 15-ல் 120, 16-ல் 107. ஒரு இன்ச் ரப்பரை விட்டுக்கொடுத்து ஒரு அழகு வாங்குகிறோம்.

அந்த ஒரு இன்ச் நம் ஊரில் பெரிய விஷயம். வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் போகும் சாலையில் எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்பது தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். ஸ்டீல் ரிம் வளைந்தால் பஞ்சர் கடையிலேயே தட்டி நிமிர்த்தி ஓட்டலாம். காஸ்ட் அலாய், அதாவது அச்சில் வார்த்த அலாய், லேசாக வளைந்தால் நிமிர்த்த முடியும். விரிசல் விட்டால் வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது, அந்த ரிம் முடிந்தது. ஒயிட் டவுன் தெருக்களில் ஓரமாக நிறுத்தும்போது இன்னொரு சிக்கல்: ரிம் அகலமாக, சுவர் தாழ்வாக இருந்தால் பிளாட்பாரக் கல்லில் முதலில் உரசுவது டயர் அல்ல, ரிம்மின் விளிம்பு.

16 இன்ச் செட்டுகளில் இதைவிட மோசமானது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற கணக்கு அது. ரிம்மின் உட்புறத்தில் 'ஈ.டி.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும். 5.5 இன்ச் அகலம், ஈ.டி. 45 உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு 7 இன்ச் அகலம், ஈ.டி. 35 மாட்டினால் என்ன ஆகும்? அகலம் கூடியதில் பாதி, அதாவது 19 மி.மீ., வெளியே வரும். ஆஃப்செட் குறைந்ததில் இன்னும் 10. ஆக 29 மி.மீ. வெளியே. நான்கு பேர் உட்கார்ந்து வேகத்தடை ஏறினால் டயர் ஃபெண்டர் உதட்டில், அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள பாடி வளைவின் விளிம்பில், உரசும். அப்போது சில இடங்களில் உதட்டைச் சுத்தியலால் மடக்குவார்கள், உள் லைனரை பிளேடால் வெட்டுவார்கள். சொந்த வண்டியில் அது உங்கள் பாடு. லீஸ் வண்டியில் இந்த இரண்டையும் ஒருபோதும் செய்ய விடாதீர்கள், ஏனென்றால் பழைய ரிம்மைத் திரும்ப மாட்டினாலும் மடங்கிய ஃபெண்டர் நிமிராது. வீல் பேரிங்கும் சீக்கிரம் சத்தம் போடும். வாரன்டி கேட்டால் ரிம்மைக் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு.

ஆகவே ஸ்விஃப்ட் போன்ற வண்டிக்கு முதல் இடம் 15 இன்ச் கம்பெனி அலாய். வெளிக்கடை 15 இன்ச் இரண்டாவது, கீழே சொல்லும் நிபந்தனைகளோடு. பணம் மிச்சமாக வேண்டும் என்பவருக்கு 14 இன்ச் அலாய். பழைய டயரையே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், பார்வைக்குக் கொஞ்சம் சிறியதாகத் தெரியும். 16 இன்ச்சை லீஸ் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் சரி.

கடையில் பார்க்க வேண்டியவை. ஸ்விஃப்ட்டின் பி.சி.டி. (நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 4 துளை, 100 மி.மீ.; ஹப் விட்டம் 54.1 மி.மீ. பொதுவாகப் பல வண்டிக்கும் பொருந்தும்படி வார்த்த வெளி ரிம்மில் நடுத்துளை 73.1 மி.மீ. வரைகூட இருக்கும். இடைவெளியை நிரப்ப 73.1-க்கு 54.1 வளையம் நான்கு வேண்டும். வளையம் போடாமல் மாட்டினால் ரிம் ஹப்பில் உட்காராது, நட்டில் மட்டும் தொங்கும். 80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது. ரிம்மில் ஐ.எஸ். 9436 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எடை மெஷினில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அலாய் என்றாலே ஸ்டீலைவிட லேசு என்பது தவறு. மலிவான காஸ்ட் ரிம் பல நேரம் கனமாகவே இருக்கும்.

நட்டில்தான் அதிகத் தவறு நடக்கிறது. சுஸுகிக்கு 12 மி.மீ. ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்), 1.25 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி, மி.மீ.-ல்). ஹூண்டாய்க்கு அதே 12 மி.மீ., ஆனால் 1.5 பிட்ச். டப்பாவில் கலந்து கிடக்கும் நட்டை ஏர் கன்னில் அடித்தால் இரண்டு சுற்று ஏறும், பிறகு மரை கிழியும். முதலில் கையால் ஏற்றச் சொல்லுங்கள். 1.25 பிட்ச்சில் குறைந்தது 10 சுற்று கையாலேயே ஏறினால்தான் பிடிப்பு போதும். கடைசி இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், எதிரெதிர் நட்டாக, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு. ஹப் முகத்தில் துரு இருந்தால் மாட்டும் முன் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். பேலன்சிங் ஈயம் உட்புறம் ஒட்டும் வகையாக இருக்கட்டும். விளிம்பில் அடிக்கும் கிளிப் பெயின்ட்டை உடைக்கும். மாட்டியபின் 100 கி.மீ. ஓடியதும் நட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும்; புதுச்சேரி–கடலூர் இரண்டு தடவை போய் வந்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வந்துவிடும். கம்பெனி நட்டு நான்கை ஸ்டெப்னிக் குழியிலேயே போட்டு வையுங்கள். வெளி அலாய்க்குக் கொடுக்கும் நட்டு ஸ்டெப்னியின் ஸ்டீல் ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம்.

உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையோரத்தில் அலாய் பேச்சு முழுமையாகாது. பளபளவென்று கடைந்த டயமண்ட் கட் முகம் கடையில் கண்ணைப் பறிக்கும். அதன் மேல் இருப்பது மெல்லிய தெளிவான லேக்கர் மட்டும். ஒரு கல் தெறித்து ஆரக்காலின் விளிம்பில் கடுகளவு லேக்கர் பெயர்ந்தால் போதும். ஈரம் அங்கே புகுந்து, லேக்கருக்கு அடியில் முடி தடிமனில் வெள்ளைக் கோடு ஒன்று புழு ஊர்ந்த மாதிரி வளைந்து வளைந்து போகும். நகத்தால் தடவினால் மேல் படலம் உப்பியிருப்பது தெரியும். அதற்குப் பிறகு பாலிஷ் உதவாது. முழுவதும் உரித்து மறுபடி கடைய வேண்டும். முழுக்கப் பெயின்ட் அடித்த சில்வர் அல்லது கன் மெட்டல் நிறம் இங்கே நீண்ட நாள் தாங்கும். வாட்டர் வாஷ் கடையில் ரிம்முக்கு ஆசிட் போட வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். ஷாம்பும் நல்ல தண்ணீரும் போதும்.

பணக் கணக்கு. சாதாரண 15 இன்ச் செட் பெரும்பாலும் ₹20,000 முதல் ₹30,000. டயர் ஒன்று ₹5,000-க்கு மேல். மொத்தம் ₹45,000 என்று வைத்தால், 36 மாத லீஸில் மாதம் ₹1,250 கூடுகிறது. உங்கள் லீஸில் பராமரிப்போடு டயர் மாற்றுவதும் சேர்ந்திருந்தால், ஏற்கெனவே கட்டுகிற பொருளுக்கு இரண்டாம் முறை பணம் கொடுக்கிறீர்கள். டயர் சேராத லீஸ் என்றால் கதை வேறு: கம்பெனி டயர் தேயாமல் வீட்டில் இருக்கும், திருப்பிக் கொடுக்கும் நாளில் அது உங்களுக்கு லாபம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியும் லீஸ் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால், அலாயின் மதிப்பைச் சேர்க்கும் கோரிக்கை அவர்கள் மூலமாகப் போக வேண்டும். சேர்க்காத நிலையில் வண்டி திருடு போனாலோ முழுச் சேதமானாலோ தொகை அவர்களுக்குப் போகும். உங்கள் அலாய்க்கு ஒன்றும் வராது.

கழற்றிய ரிம்மை டயரோடு சேர்த்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து, படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெயில் படாத இடத்தில் மூடி வையுங்கள். மொட்டை மாடி கூடாது. அடுக்கும் முன், டயரின் நான்கு இலக்கத் தயாரிப்பு வாரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். டயர் மாறிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

ஒப்படைக்கும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கம்பெனி ரிம்மை மாட்டி ஓட்டிப் பாருங்கள். நடுக்கமோ காற்றுக் கசிவோ இருந்தால் சரிசெய்ய நாள் இருக்கும். கழற்றிய அலாயை விற்பது கடினமில்லை. 4 துளை, 100 மி.மீ. என்பதால் ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 வைத்திருப்பவர்கள் வாங்குவார்கள். வளையங்களையும் சேர்த்துக் கொடுங்கள். ஐ20-க்கு வாங்குபவரிடம் நட்டை மட்டும் கொடுக்காதீர்கள், அவருடைய பிட்ச் 1.5.