ஆறு வருஷம், நாலு வகை யோகா

முதுகு வலிக்காகத்தான் யோகாவுக்குப் போனேன். ஆறு வருஷம் ஓடிவிட்டது, இதற்குள் நாலு வகை பார்த்தாயிற்று. "எந்த யோகா நல்லது?" என்று கேட்பவர்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் இரண்டு வருஷம் அஷ்டாங்க வின்யாசம். மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்றுக்கொடுத்த முறை. ஆசனங்களின் வரிசை மாறாது. மூச்சோடு சேர்ந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வியர்வை கொட்டும். மனசு அலைய நேரமே கிடைக்காது, எனக்கு அதுதான் பெரிய லாபம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். சூரிய நமஸ்காரத்தில் 'ஏ', 'பி' என்று இரண்டு வகை; ஒவ்வொன்றும் 5 சுற்று. ஏ-யில் ஒரு தடவை, பி-யில் மூன்று தடவை சதுரங்க தண்டாசனம் வரும்; கையையும் கால்விரலையும் ஊன்றி, முழங்கையை மடித்து, உடம்பைப் பலகை மாதிரி தரைக்கு அருகே இறக்கி நிறுத்துவது. ஆக, நின்று செய்யும் ஆசனங்கள் தொடங்குவதற்கு முன்பே 20 தடவை. நானோ தோள் காதுவரை ஏற, முழங்கை வெளியே விரிய, தொப்பென்று இறங்கிக்கொண்டிருந்தேன். கூட்டமான வகுப்பு, யாரும் திருத்தவில்லை; நானும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் வலது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியவில்லை. மூன்று மாதம் எல்லாம் நின்றுபோனது.

அப்புறம் பி.கே.எஸ். ஐயங்கார் உருவாக்கிய ஐயங்கார் யோகா. முதல் நாளே திரிகோணாசனம், காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாய்வது. உள்ளங்கையைத் தரையில் ஊன்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன், பாராட்டு வரும் என்று. ஆசிரியை ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து கணுக்கால் பக்கத்தில் வைத்தார். "இதுல ஊன்றுங்க. தரை எங்கேயும் ஓடிப்போகாது." ஊன்றினேன். சுருங்கிக் கிடந்த விலாப்பக்கம் நீண்டது, நெஞ்சு மேல்பக்கம் திரும்பியது, பின்னங்காலின் வெளிவிளிம்பு அழுத்தமாகப் பதிந்தது. இரண்டு வருஷமாக முதுகைக் கூனித் தரையைத் தொட்டுவிட்டு, அதற்குத் திரிகோணாசனம் என்று பேர் வைத்திருந்திருக்கிறேன்!

வேடிக்கை என்னவென்றால், ஜோயிசும் ஐயங்காரும் ஒரே குருவின் சீடர்கள். இருவருக்கும் கற்றுக்கொடுத்தவர் கிருஷ்ணமாச்சாரியார். ஐயங்கார் சின்ன வயதில் காசநோயில் நலிந்தவர். கட்டை, பெல்ட், போர்வை என்று உடம்புக்குத் துணை தேடும் முறை அவரிடமிருந்து வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. என் முதுகு வலி குறைந்ததும் இங்கேதான். தொடையின் பின்தசை இறுக்கம் மெல்ல விட, எட்டு மாதம் ஆனது. குறை சொல்வதென்றால், சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மூன்றே ஆசனம்தான். துடிப்பான ஆட்களுக்குப் பொறுமை போய்விடும்.

சூடான அறையில் செய்யும் யோகாவுக்கு நாலு தடவை போய்விட்டு விட்டுவிட்டேன். 40 டிகிரியில் எல்லாம் வளைகிற மாதிரித் தெரியும், மறுநாள்தான் எது இழுபட்டது என்று புரியும்.

யின் யோகாவைச் சோம்பேறிகளுக்கானது என்று நினைத்திருந்தேன். ஒரே நிலையில் மூன்று முதல் ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது நிமிஷத்தில் அலுவலகத்துச் சண்டை முழுக்க மனதில் ஓடும். இருபது சதுரங்கம் இதைவிட எளிது! மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். அதனால் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுகிறேன். இரவில் சுவரில் காலைச் சாய்த்துப் பத்து நிமிஷம் இப்படிக் கிடந்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது. கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. பல்லைக் கடிக்கிறேன் என்பது மட்டும் இப்போது கடிக்கும்போதே தெரிகிறது.

எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வாரத்தில் நாலு நாள் கட்டையோடு நின்று செய்யும் ஆசனங்கள், ஒருநாள் மட்டும் சூரிய நமஸ்காரம், அதுவும் முழங்கால் ஊன்றி இறங்கித்தான். பத்மாசனம் இன்றுவரை வரவில்லை. இடுப்பு மூட்டு திரும்பாதபோது காலை வம்பாக மடித்தால் அடி முழங்காலுக்குத்தான் விழும். அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்கிறேன். இருபது நிமிஷம் ஆனாலும் கால் மரத்துப்போவதில்லை.