அலாஸ்காவின் பனியாறுகள்: போய்த் திரும்பும் கப்பலா, கப்பலும் ரயிலுமா, ரயில் மட்டுமா?

குடும்பத்தோடு அலாஸ்கா போவதென்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் கப்பல்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். எந்தக் கப்பலில் நீச்சல் குளம் பெரிது, எதில் குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடம் நன்றாக இருக்கிறது, பால்கனி அறைக்கு எவ்வளவு கூடுதல் என்ற கேள்விகளை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் தீர்க்க வேண்டியது வழி. ஏனென்றால் எந்தப் பனியாற்றின் முன் கப்பல் நிற்கும், எந்த மலையின் ஊடே ரயில் போகும் என்பதை வழிதான் தீர்மானிக்கிறது; இவ்வளவு தூரம் போவது அதற்காகத்தானே.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. சியாட்டிலிலோ வான்கூவரிலோ ஏறி, தென்கிழக்கு அலாஸ்காவின் தீவுகளுக்கிடையே போய், ஏழு இரவுகளில் ஏறிய இடத்துக்கே திரும்புவது ஒன்று. வான்கூவரில் ஏறி, அலாஸ்கா வளைகுடாவைக் கடந்து, சீவர்ட் அல்லது விட்டியர் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் டெனாலி தேசியப் பூங்கா வழியாக ஃபேர்பேங்க்ஸ் வரை போவது இரண்டாவது. பெரிய கப்பலே வேண்டாமென்று ஆங்கரேஜுக்கு விமானத்தில் போய் இறங்கி, ரயிலையும் ஒரு நாள் படகையும் மட்டும் நம்புவது மூன்றாவது.

முதல் வழியில் சியாட்டிலா, வான்கூவரா என்பதை அவசியம் யோசிக்க வேண்டும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், இடையில் வேறு நாட்டைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்று 1886ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று சொல்கிறது. பெரிய சுற்றுலாக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடியில் ஓடுபவை. ஆகவே சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவைத் தொட்டுவிட்டு வருகின்றன. பல சமயம் மாலையில் சில மணி நேரம் மட்டுமே நிற்கின்றன. அதைவிட முக்கியமான வேறுபாடு கடலில் இருக்கிறது. சியாட்டில் கப்பல்கள் பொதுவாக வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போகின்றன. வான்கூவர் கப்பல்களோ தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே அலையடங்கிய நீரில் போகின்றன. தலைசுற்றலுக்கு அஞ்சும் பெரியவர்கள் குழுவில் இருந்தால், விமானக் கட்டணம் சற்றுக் கூடினாலும் வான்கூவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

அடுத்தது பனியாறு. பயணத் திட்டத்தில் வெறுமனே ‘பனியாறு காணும் நாள்’ என்று போட்டிருந்தால், எந்தப் பனியாறு என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. அந்த அனுமதி எல்லா நிறுவனங்களிடமும் இல்லை. காலையில் பூங்கா அலுவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுவதும் விளக்கம் சொல்கிறார்கள். 1794இல் ஆங்கிலேய மாலுமிகள் வந்தபோது இந்த விரிகுடாவே இல்லை; அதன் வாயருகே பனிச்சுவர்தான் நின்றது. 1916க்குள் அந்தப் பனி வாயிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்வாங்கிவிட்டது. கப்பல் மெல்ல உள்ளே போகும்போது, முதலில் அடர்ந்த காடு, பிறகு புதர், பிறகு வெறும் பாறை என்று கரை மாறிக்கொண்டே வரும். பனி எவ்வளவு காலத்துக்கு முன் விலகியது என்பதை அந்தக் கரையே சொல்லிவிடும்.

மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்று, இரு பக்கத்தாரும் பார்க்கும்படி மெதுவாகத் திரும்பும். உடையும் பனியில் முதலில் தெரிவது அசைவுதான்: நீலச் சுவரிலிருந்து ஒரு துண்டு நழுவுகிறது, நீர் எழும்புகிறது, அதற்கும் பிந்தி இடிபோன்ற ஓசை வந்து சேர்கிறது. இந்த நிலத்தின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் அதை ‘வெள்ளை இடி’ என்கிறார்கள்.

ஹப்பர்ட் பனியாறு இதற்குச் சளைத்ததல்ல; பத்து கிலோமீட்டர் அகலமுள்ள அதன் முகப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெரும்பாலான பனியாறுகள் சுருங்கிவரும் காலத்தில் அது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986இலும் 2002இலும் பக்கத்து ரஸ்ஸல் கடற்கழியின் (மலைகளுக்கிடையே உள்ளே நீளும் கடல்நீர்ப் பகுதியின்) வாயையே அடைத்துவிட்டது. ஆனால் மிதக்கும் பனி நெருக்கினால் கப்பல் தொலைவிலேயே நின்றுவிட நேரும். டிரேசி ஆர்ம் அழகான குறுகலான கடற்கழி. 2025 ஆகஸ்டில் அங்கே பெரிய மலைச்சரிவு ஏற்பட்டுப் பேரலை எழுந்ததால், சில நிறுவனங்கள் அருகிலுள்ள எண்டிகாட் ஆர்முக்கு மாறிக்கொண்டன. என் வரிசையில் கிளேசியர் பே முதலில், ஹப்பர்ட் அடுத்து, மற்றவை அதற்குப் பின்.

கப்பலிலேயே திரும்பி வருபவர்களுக்கும் ரயில் இல்லாமல் போகவில்லை. ஸ்கேக்வே துறைமுகத்தில் கப்பலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும் ஒயிட் பாஸ் ரயில், குளோண்டைக் தங்க வேட்டைக் காலத்தில், 1898க்கும் 1900க்கும் இடையே போடப்பட்ட, அகலம் குறைந்த தண்டவாளத்தில் ஓடுகிறது. 32 கிலோமீட்டருக்குள் 873 மீட்டர் ஏறுகிறது. ஏறும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணில் படும். உச்சியில் இருக்கைகளின் சாய்வைத் திருப்பிவிட்டுப் பக்கம் மாறிக்கொள்ளச் சொல்வார்கள். சுமார் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் சிறு பிள்ளைகள் சலிப்பதில்லை, முட்டிவலி உள்ள பாட்டிக்கும் சிரமமில்லை.

ஆனால் இரண்டாவது வழியின் ரயில் வேறு தரம். சீவர்டிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை ஏறத்தாழ 756 கிலோமீட்டர் நீளும் அலாஸ்கா ரயில்பாதை 1923இல் முடிந்தது; நெனானாவில் அன்றைய குடியரசுத் தலைவர் ஹார்டிங் தங்க ஆணி அடித்துத் தொடங்கிவைத்தார். ஆங்கரேஜிலிருந்து டெனாலிக்கு ரயிலில் ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காரில் போனால் இதைவிடச் சீக்கிரம் போய்விடலாம். இருந்தும் ரயிலைச் சொல்வதற்குக் காரணம், சாலை எட்டாத காட்டின் ஊடே அது போவதுதான். ஹரிக்கேன் பள்ளத்தின் மேல், தரையிலிருந்து 90 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலத்தில், படம் எடுப்பதற்காகவே வண்டி வேகத்தைக் குறைக்கிறது. பெட்டியில் விளக்கம் சொல்பவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். நம் பிள்ளைகள் அவர்களிடம் தயங்காமல் கேள்வி கேட்பார்கள்.

டெனாலியைப் பற்றி மிகை எதிர்பார்ப்பு வேண்டாம். 6,190 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் பெரும்பாலான நாட்களில் மேகத்துக்குள் இருக்கும். ஆகவே பூங்காவருகே ஓர் இரவு போதாது, இரண்டாவது இரவு கட்டாயம். பூங்காச் சாலை 2021 ஆகஸ்டில் நிலச்சரிவால் 43ஆம் மைலுக்கு அப்பால் மூடப்பட்டது. நீங்கள் போகும் ஆண்டில் பேருந்து எதுவரை ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இறங்கும் ஊர் வேறு என்பதால் விமானச்செலவு கூடும். வளைகுடாவில் கடல் புரட்டலாம். நிலத்தில் ஒவ்வொரு இரண்டு நாளுக்கும் பெட்டியைக் கட்ட வேண்டும். பத்து நாளாவது கையில் இல்லையென்றால் இதில் இறங்க வேண்டாம்.

மூன்றாவது வழி அதிகம் பேசப்படுவதில்லை, அது வருத்தம். ஆங்கரேஜிலிருந்து சீவர்டுக்குச் சுமார் நாலே கால் மணி நேர ரயில். அங்கிருந்து கீனாய் கடற்கழிகள் தேசியப் பூங்காவுக்குள் ஆறு மணி நேரப் படகு. ஹார்டிங் பனிப்பரப்பிலிருந்து இறங்கிவரும் பனியாறுகளை, பெரிய கப்பலின் பத்தாவது தளத்திலிருந்து பார்ப்பதைவிட மிக நெருக்கமாக, நீர்மட்டத்திலிருந்தே பார்க்கலாம். ஆனால் சிறு படகு ஆடும். உணவுக்கும் தங்குவதற்கும் ஒவ்வொன்றாக நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள, நன்றாக நடக்கக்கூடிய குடும்பத்துக்கு இதுவே மிகச் சிறந்தது.

தாத்தா பாட்டியும் கைக்குழந்தையும் சேர்ந்து போகும் குடும்பம் என்றால், வான்கூவரில் புறப்பட்டு கிளேசியர் பே பூங்காவுக்குள் நுழைந்து, ஒயிட் பாஸ் ரயிலையும் சேர்த்துக்கொண்டு திரும்பும் கப்பலே சரி. அறையும் சாப்பாடும் ஒரே இடத்தில் இருக்கும். சைவ உணவு வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லி வைக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளும் பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பும் இருந்தால் கப்பலும் ரயிலும் சேர்ந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன். அதிலும் நிலப்பயணத்தை முதலில் வைத்து, வடக்கே தொடங்கித் தெற்கே வரும் கப்பலைப் பிடியுங்கள். பெட்டி கட்டும் அலைச்சல் முதலிலேயே முடிந்து, கடைசி ஏழு நாளும் ஓய்வாக அமையும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். சியாட்டிலில் ஏறினாலும் விக்டோரியா இருப்பதால் இது பொருந்தும். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இரண்டு விசாவும் கைக்கு வந்த பிறகே, திரும்பப் பெற முடியாத தொகையைக் கட்டுங்கள்.