உறுமும் பழைய புல்டோசர்கள்: பௌலிங் கிரீன் அருங்காட்சியகம்

ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ நகருக்குத் தெற்கே, பௌலிங் கிரீன் ஊருக்கு வெளியே தேசியக் கட்டுமான இயந்திர அருங்காட்சியகம் இருக்கிறது. போவதென்றால் இயந்திரங்களை ஓட்டிக் காட்டும் கண்காட்சி நாளில் போங்கள். ஓடாமல் நிற்கிற புல்டோசர் நமக்குப் பாதிதான் தெரியும்.

நான் சாலைப் பணியில் இருக்கும் பொறியாளர். சாவியைத் திருப்பினால் உறுமும் வண்டிகளோடு பழகியவன். 1940களின் கேட்டர்பில்லர் நிறுவன டி7 புல்டோசர் கிளம்புவதைப் பார்த்தபோது அசந்துபோனேன். அதன் பெரிய டீசல் எஞ்சினை எழுப்பவே தனியாக ஒரு சின்ன இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உண்டு. முதலில் அதைக் கிளப்பி ஓடவிடுகிறார்கள். இரண்டுக்கும் குளிர்விக்கும் தண்ணீர் ஒன்றே. சின்னதன் புகைச்சூடு டீசலுக்குள் போகும் காற்றையும் சூடாக்குகிறது. ஓட்டுநரான பெரியவர், "இங்கே கை வைத்துப் பாருங்கள்" என்று காற்றுக்குழாயைக் காட்டினார். இளஞ்சூடு ஏறியிருந்தது. சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தி டீசலைச் சும்மா சுழலவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் எரிபொருளைத் திறந்தார். கரும்புகை கக்கிக்கொண்டு அது உயிர்பெற்றபோது சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த வண்டியின் முன்னால் மண்ணைத் தள்ளும் பிளேடைத் தூக்குவது இரும்பு வடம். பின்னால் உள்ள, வடத்தைச் சுருட்டும் வின்ச் இழுத்தால் பிளேடு ஏறும். விட்டால் சொந்த எடையில்தான் இறங்கும். இன்றைய ஹைட்ராலிக் வண்டியைப் போல மண்ணுக்குள் அழுத்த முடியாது. இறுகிய தரையில் இதை வைத்துக்கொண்டு மட்டம் பிடித்தவர்களின் கைத்திறனை என்னவென்பது! செயற்கைக்கோள் வழிகாட்ட நாங்கள் செய்வதை, இருக்கையில் ஏறும் அதிர்வை வைத்தே அவர்கள் செய்திருக்கிறார்கள்.

காதுள்ளவர்களுக்கு இன்னொரு விருந்து: அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தின் எச்டி-14 வண்டி. அதில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) டீசல் எஞ்சின். அந்த ஓலத்தைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லலாம். இன்டர்நேஷனல் நிறுவனத்தின் டிடி-18 கிளம்புவதில் வேறு வழிக்காரன். ஒரே எஞ்சின் பெட்ரோலில் கிளம்பி டீசலுக்கு மாறிவிடுகிறது.

புதுப்பிக்கும் முறையில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கார் கண்காட்சிக்குப் போவதுபோல மினுமினுக்கும் வண்ணம் சில வண்டிகளில் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பிளேடில் கல் பட்ட தழும்புகள் இருக்க வேண்டும். ஆனால் நிறம் சரியாக இருக்க வேண்டும். கேட்டர்பில்லர் மஞ்சளுக்கு மாறியது 1931 இறுதியில். அதற்கு முந்தைய சிக்ஸ்டி டிராக்டர் சாம்பல் நிறம்தான். அதை அப்படியே சாம்பலில் மீட்டு வைத்திருப்பவரை வணங்குகிறேன்.

காது அடைப்பான், பழைய ஷூ, தண்ணீர் அவசியம். புழுதி நிறையப் பறக்கும்.

நேரம் இருந்தால் தெற்கே ஃபின்ட்லே ஊருக்கும் போங்கள். இந்த வட்டாரம் ஒரு காலத்தில் பெரும் சதுப்பு நிலம். அதை வடிக்கக் கால்வாய் வெட்டும் இயந்திரத்தை 1890களில் உருவாக்கியவர் ஜேம்ஸ் ஹில். அந்த வகை நீராவி இயந்திரம் ஒன்று ஃபின்ட்லேயின் ஹான்காக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.