தவழும் வயதைத் தாண்டியவளோடு பேஸ்பால்: சான் பிரான்சிஸ்கோவா, சான் ஹோசேவா?

ஓடத் தெரியும், உட்காரத் தெரியாது, என் மகளுக்கு அப்படிப்பட்ட வயது. என் ஓட்டு சான் ஹோசேவுக்கே.

சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் மைதானமான ஆரக்கிள் பார்க் அழகுதான். வலப்பக்க மதிலுக்கு அப்பால் விரிகுடா, இடப்பக்கம் ராட்சதக் கையுறை, கோக் பாட்டில் வடிவச் சறுக்குமரம். ஆனால் அரங்கில் சுமார் 40,000 பேர். வரிசையின் நடுவே உட்கார்ந்துவிட்டால், குழந்தை சிணுங்கும் ஒவ்வொரு முறையும் பத்து ஜோடி முழங்கால்களைத் தாண்டி வெளியே வர வேண்டும். கோடை இரவிலும் குளிர்காற்று வாட்டும், போர்வை கட்டாயம்.

சான் ஹோசே ஜயண்ட்ஸ், அந்த சான் பிரான்சிஸ்கோ அணிக்காக இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் கீழ்நிலை அணி. 1942இல் திறக்கப்பட்ட மைதானம். சுமார் 4,000 பேர்தான் அமரலாம். கழிப்பறை, தின்பண்டக் கடை எல்லாம் நாலு எட்டில். டிக்கெட் மலிவு என்பதால் ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவதிலேயே கிளம்பினாலும் வயிறு எரியாது.

பந்துவீச நேரக்கட்டுப்பாடு வந்த 2023இல், சான் பிரான்சிஸ்கோ அணி ஆடும் பெரிய லீக்கில் (மேஜர் லீக்) ஓர் ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடமாகச் சுருங்கியது. எங்கள் வீட்டு இளவரசிக்கு அதுவே ஒரு யுகம்!

எங்கே போனாலும் பகல் ஆட்டமாகப் பாருங்கள். இருக்கை பாதுகாப்பு வலைக்குப் பின்னால் இருக்கட்டும். அடிபட்டுத் தெறிக்கும் பந்து குழந்தை என்று பார்க்காது.