முதலில் பயிற்சியா, முதலில் ஆட்டமா?

நாற்பது நிமிடப் பாடவேளை, 48 பிள்ளைகள், காற்று நிற்கும் வாலிபால் இரண்டு. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நான் இந்தக் கணக்கை வைத்துத்தான் இரண்டு முறைகளையும் எடைபோடுகிறேன். ஒன்று, நாங்கள் படித்து வந்த வழி: வரிசையில் நிறுத்தி, திறனைக் கூறுகூறாகச் செய்துகாட்டி, எண்ணிக்கை சொல்லிப் பழக்கி, நேரம் மிஞ்சினால் ஆடவிடுவது. மற்றொன்று, இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பங்கரும் தார்ப்பும் 1982இல் முன்வைத்த வழி: சிறிதாக்கிய ஆட்டத்தை முதலில் ஆடவிட்டு, பிள்ளைகளையே யோசிக்கவைத்து, தேவை எழுந்த பின் திறனைக் கற்பிப்பது.

குண்டும் வட்டும் எறியப் பழக்கும்போது பழைய வழியே பாதுகாப்பு. அங்கே விசிலுக்கு மாற்றில்லை. ஆனால் வாலிபாலில் 24 பேர் வரிசையில் நின்றால், ஒரு பிள்ளையின் கைக்குப் பந்து சில முறைதான் வரும்.

ரப்பர் பந்துகள் நான்கு வாங்கிச் சேர்த்து, மரங்களுக்கிடையே கயிறு கட்டி, மூவருக்கு மூவராக ஆறு இடங்களில் ஆடவிட்டேன். மீதிப் பன்னிரண்டு பேர் நடுவர்கள். எட்டாம் வகுப்புப் பெண்கள் ஆடிய இடத்தில் பந்து திரும்பத் திரும்ப நடுவிலேயே விழுந்தது. விசிலை வாய்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, "ஏன் அங்கேயே விழுகிறது?" என்று மட்டும் கேட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், "நடுவுல ஆருமே நிக்கலீங்க சார்" என்றாள். அடுத்த பந்துக்கு ஓடிவந்து நின்றவளும் அவளே, கையில் பட்டுப் பந்து பக்கவாட்டில் தெறித்ததும், "கையை எப்படி வெக்கோணுங்க சார்?" என்று கேட்டாள். இரண்டு வாரமாக நான் எண்ணிக்கை சொல்லிப் பழக்கியது அதைத்தான்.

மாறுவது ஆசிரியருக்கு எளிதன்று. செய்துகாட்டுவதைவிடச் சரியான கேள்வியைக் கேட்பது கடினம். அதற்கு முன்தயாரிப்பு கூடுதலாக வேண்டும். மைதானத்தில் சத்தம் எழுந்ததும், வகுப்பில் கட்டுப்பாடு இல்லையா என்று தலைமையாசிரியர் கேட்டார். முதல் மாதம் எனக்கே கைத்தொழில் மறந்தாற்போல் இருந்தது. கபடிதான் தைரியம் கொடுத்தது. எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருந்தால்தான் போனஸ் கோட்டுக்குப் புள்ளி உண்டு என்பதை எங்கள் பையன்கள் எந்த வரிசையிலும் நின்று கற்கவில்லை. ஊர்க்களத்தில் ஆடியே கற்றார்கள்.

ஆகவே குறுவட்டப் போட்டிக்குப் போகும் அணிக்கு மாலையில் பழைய பயிற்சியை விடவில்லை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆட்டம்தான் முதலில்.