கொடிக்கயித்துல தொங்குற மைக்: போயா பிஒய்-எம்1, வயலின் சாதகத்துக்கு

நமக்கு வயலின் கிளாஸ் ஆன்லைன்ல தான், டீச்சர் திருச்சியில இருக்காங்க, வாரம் ஒருக்கா வர்ணத்த (பயிற்சிக்கு வாசிக்கிற உருப்படி) ரெண்டு காலத்துலயும், அதாவது ரெண்டு வேகத்துலயும், வாசிச்சு வீடியோ அனுப்பணும். மொதல்ல வெறும் போன்லயே எடுத்து அனுப்பினேன், "ஏம்ப்பா சுருதி போடாம வாசிக்கிற"ன்னு கேட்டுட்டாங்க. சுருதி, அதான் பின்னணில வர்ற தம்பூரா சத்தம், பக்கத்துலயே தான் ஓடிட்டு இருந்துச்சு! அப்புறம் தான் வெளங்குச்சு, விடாம ஒரே மாதிரி வர்ற சத்தத்த போன் இரைச்சல்னு நெனச்சு அமுக்கிடுது, அதுக்கு தம்பூராவும் ஒண்ணு சீலிங் ஃபேனும் ஒண்ணு. போதாக்குறைக்கு மெல்ல இழுத்தா சத்தத்த ஏத்துது, அழுத்தி இழுத்தா எறக்குது, வில்லுல கஷ்டப்பட்டு கொண்டு வந்ததெல்லாம் சப்பாத்தி மாதிரி தட்டையாயிடுது.

சரின்னு போயா பிஒய்-எம்1 காலர் மைக் வாங்கினேன், எண்ணூத்து சொச்சம் ஆச்சு. என் போன்ல ஹெட்போன் ஓட்டை கெடையாது, அதனால தெருக்கடையில 100 ரூபாய்க்கு ஒரு டைப்-சி கன்வெர்ட்டர். மைக்க சொருகினா போன் கண்டுக்கவே இல்ல. உள்ள சிப் இல்லாத வெறும் ஒயர் கன்வெர்ட்டராம், அது சில போன்ல மட்டும் தான் வேலை செய்யுமாம், கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மாட்டேன்னுட்டார். டிஏசி (அந்த சிப்புக்கு பேரு அது தான்) உள்ளதானு கேட்டு வாங்குங்க.

இந்த மைக்க சட்டையில மாட்டிக்கிட்டு வயலின் வாசிக்க முடியாது. வயலின் நெஞ்சுல தான சாஞ்சிருக்கு, ஒவ்வொரு கமகத்துக்கும் (சுரத்த அசைச்சு வாசிக்கிறது) கரக் கரக்னு ஒரசுது. ஸ்டூல் மேல வெச்சுப் பாத்தேன், ஏதோ கிணத்துல இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. கடைசில துணி காயப்போடுற கொடிக்கயித்துல கிளிப்ப மாட்டி, வயலினுக்கு மேல ஒரு மூணடி தள்ளி தொங்க விட்டேன், அங்க தான் சரியா உக்காந்துச்சு. 6 மீட்டர் ஒயர எல்லாரும் தொல்லைன்னு திட்டுவாங்க, எனக்கு அது தான் கைகுடுத்துச்சு, போன் ரூமோட அந்தக் கோடில தரையோட சின்ன ட்ரைபாட்ல நிக்குது, வில்லு முழுசா ஃப்ரேமுக்குள்ள வருது.

மைக் மாட்டினா மட்டும் பத்தாது. ஓப்பன் கேமரா ஆப் போட்டு (இலவசம், விளம்பரம் இல்ல) செட்டிங்ஸ்ல ஆடியோ சோர்ஸ எக்ஸ்டர்னல் மைக்னு மாத்துங்க, இல்லன்னா போன் தன் மைக்லயே எடுத்துட்டு கம்முனு இருக்கும். எக்ஸ்டர்னல்லயும் சத்தம் ஏறி எறங்குச்சுன்னா அன்ப்ராசஸ்டு (போன் கை வெக்காத சத்தம்) போட்டுப் பாருங்க.

கொறைன்னு பாத்தா நாலா பக்கமும் கேக்குற மைக் இது, ஃபேன், குக்கர் விசில், கீழ் வீட்டு டிவி எல்லாம் வரும். ஃபேன ஆஃப் பண்ணிட்டு தான் வாசிக்கிறேன், ரெண்டாம் காலம் முடியறதுக்குள்ள பனியன் நனைஞ்சிடும். பின்னாடி பீரோவ தொறந்து வெச்சு செவுத்துல மெத்தைய சாய்ச்சா எதிரொலி நல்லாவே அடங்குது. மிருதங்கம் கூட வெச்சு எடுக்கறவங்களுக்கு இது ஒத்து வராது, ஒரே மைக்ல ரெண்டையும் பேலன்ஸ் பண்ண உக்கார்ற எடத்த மாத்தி மாத்தியே பொழுது போயிடும்.

மைக்ல இருக்குற சுவிட்ச் ஸ்மார்ட்போன் பக்கம் இருந்தா பேட்டரி தேவையில்ல, கேமரா பக்கம் தள்ளினா தான் அந்த எல்ஆர்44 பட்டன் பேட்டரி வேணும். அனுப்பும்போது வாட்ஸ்அப்ல வீடியோவா போடாதீங்க, நசுக்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க. போன வாரம் அப்படித்தான் மோகன ராக வர்ணம் அனுப்பினேன், "இப்ப சுருதி நல்லா கேக்குது, காந்தாரம் ('க' சுரம்) தான் சேரல"ன்னு பதில் வந்துருக்கு.